ஹலால் பயணம் தட்டோடு முடிந்துவிடுவதா?

பயணம் நமக்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிக் கீழ்த்திசை நாடுகளில் கடை விரித்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஆனால் பொருள் தேடியோ உறவைக் காணவோ அன்றி, நாடு பார்ப்பதற்காகவே குடும்பத்துடன் கடல் கடப்பது நம்மில் பலருக்குப் புதிது. உம்ராவும் மலேசியாவிலுள்ள உறவினர் வீட்டுத் திருமணமும்தான் முந்தைய தலைமுறையின் வெளிநாட்டுப் பயணங்களாக இருந்தன. இன்று நிலைமை வேறு. 2023இல் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானமே வந்துவிட்டது. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலில் கையில் தரப்படும் துண்டுப் பிரசுரங்களில் வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து என்று படங்களோடு பயணத் திட்டங்கள் இருக்கின்றன. மேலே கொட்டை எழுத்தில் ‘ஹலால் சுற்றுலா’ என்ற தலைப்பு.

இதில் தவறேதும் இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் மனைவி மக்களோடு உலகைக் காண்பது அனுமதிக்கப்பட்ட இன்பம். நல்ல நிய்யத்தோடு செய்தால் நன்மையும் உண்டு. நாம் கேட்க விரும்புவது ஒரே கேள்விதான். அந்தப் பிரசுரங்கள் ஹலால் என்ற சொல்லுக்குத் தரும் பொருள் என்ன? மூன்று வேளையும் ஹலால் உணவு, தொழுவதற்கு இடம் என்ற இரண்டு வாக்குறுதிகளோடு அது முடிந்துவிடுகிறது. எதைப் பார்க்கிறோம், எப்படிப் பார்க்கிறோம், யாரைப் பார்க்காமலேயே திரும்பி வருகிறோம், அழைத்துச் செல்பவரிடமும் அந்த மண்ணின் மக்களிடமும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பவற்றைக் குறித்து அங்கே ஒரு சொல்லும் இல்லை. தட்டில் இருப்பது ஹலாலாகிவிட்டால் பயணம் முழுவதும் ஹலாலாகிவிட்டது என்று நாமும் அமைதி அடைந்துவிடுகிறோம். இந்த அமைதி சரியானதன்று என்பதே நம் கருத்து.

பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அந்த அழைப்பில் பயணமும் பார்வையும் சிந்தனையும் சேர்ந்தே வருகின்றன. வழிகாட்டி உயர்த்திப் பிடிக்கும் சிறு கொடியின் பின்னால் நம் கால்கள் நடக்கலாம். பார்வையையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டால் அந்த அழைப்புக்கு நாம் செவிசாய்த்தவர்கள் ஆக மாட்டோம். நம் குடும்பங்கள் இப்போது மிகுதியாகச் செல்லும் வியட்நாம், கம்போடியா வழித்தடத்தையே எடுத்துக்கொண்டு இதை விளக்க முயல்கிறோம்.

நம் முன்னோர் எழுப்பிய பள்ளிவாசல்

பெரும்பாலான குழுக்கள் முதலில் இறங்குவது ஹோ சி மின் நகரத்தில். முதியவர்களின் நாவில் அது இன்றும் சைகோன்தான். பென் தான் சந்தை, பிரெஞ்சுக்காரர் கட்டிய அஞ்சல் நிலையம், கூ சீ சுரங்கப் பாதைகள் ஆகியவை பட்டியலில் தவறாமல் இடம்பெறுகின்றன. டோங் தூ தெருவிலுள்ள பள்ளிவாசலும் இடம்பெறும். ஆனால் பல திட்டங்களில் அது மதிய உணவுக்கு முன் தொழுதுவிட்டுக் கிளம்ப வேண்டிய இடம் மட்டுமே.

அந்தப் பள்ளிவாசல் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்களால் கட்டப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. இந்தோசீனாவும் அதே ஆட்சியின் கீழ் இருந்ததால், நம் பகுதி மக்கள் வணிகத்துக்காகவும் அரசுப் பணிக்காகவும் அங்கே சென்றார்கள். துணிக்கடை வைத்தவர்கள், வட்டித் தொழில் செய்த நகரத்தார், காவல் பணியில் சேர்ந்தவர்கள் எனப் பல சமயத்துத் தமிழரும் ஒரே நகரத்தில் வாழ்ந்தார்கள். அந்நகரத்து மாரியம்மன் கோயிலும் அவ்வாறு சென்ற தமிழர்களின் அடையாளமே. 1975இல் போர் முடிந்து ஆட்சி மாறியபின் அவர்களில் பெரும்பாலோர் நாடு திரும்பினர், அல்லது வேறு நாடுகளுக்குப் பெயர்ந்தனர். கட்டியவர்கள் போய்விட்டார்கள். பள்ளிவாசல் நிற்கிறது. உள்ளூர் முஸ்லிம்களும் வெளிநாட்டுப் பயணிகளும் இன்று அங்கே ஸஃப்பில் நிற்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் அந்நகரத்தில் உண்டா? வேற்று மொழியும் வேற்று வழிபாடும் உடைய மக்களின் நடுவே, சிறுபான்மையினராகச் சென்றவர்கள் தம் தொழுகையையும் விடவில்லை, அண்டை வீட்டாரோடு பகைத்துக்கொள்ளவும் இல்லை. அந்தத் தெருவில் அரை மணி நேரம் கூடுதலாக நின்று, ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து இந்தக் கதையைச் சொல்வதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. சொல்வதற்கு ஆள் இல்லாததுதான் குறை.

தட்டை நீட்டும் கை யாருடையது?

அங்கிருந்து மேக்கோங் ஆற்றின் வழியே கம்போடியாவுக்குள் நுழைகிறோம். அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே முஸ்லிம்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சாம் இனத்தவர். இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் சம்பா என்ற அரசை நிறுவிப் பல நூற்றாண்டுகள் ஆண்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1471இல் அவர்களுடைய தலைநகர் விஜயா வீழ்ந்தது. அப்போதும் அதற்குப் பின்னரும் அலையலையாகக் கம்போடியாவில் குடியேறினார்கள். மலாய் உலகத்தோடு கொண்ட வணிகத் தொடர்பால் இஸ்லாம் அவர்களிடையே வேரூன்றியது. அவர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். நம் கடற்கரை ஊர்களிலிருந்து செல்பவர்களுக்கு அவர்களுடைய தொழுகை முறை அந்நியமாகத் தோன்றாது.

நோம் பென் நகரில் எல்லாக் குழுக்களும் துவோல் ஸ்லெங் சிறைச்சாலை அருங்காட்சியகத்தையும் சூங் ஏக் கொலைக்களத்தையும் பார்க்கின்றன. 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சி அந்நாட்டு மக்களுக்கு இழைத்த கொடுமையின் சாட்சிகள் அவை. ஆனால் அந்த ஆட்சியில் சாம் முஸ்லிம்களுக்கு நேர்ந்ததைக் குறிப்பிடும் பயணத் திட்டம் அரிது. பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. குர்ஆன் பிரதிகள் பறிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. பெண்களின் தலைமறைப்பு தடைசெய்யப்பட்டு, கூந்தல் கத்தரிக்கப்பட்டது. தாய்மொழியைப் பேசக்கூடத் தடை இருந்தது. பன்றி இறைச்சியை உண்ணும்படி வற்புறுத்தினார்கள், மறுத்தவர்களைக் கொன்றார்கள். 1975இல் மேக்கோங் கரையிலிருந்த ஸ்வாய் கிளியாங், கோ பால் ஆகிய ஊர்களின் மக்கள் இதைப் பொறுக்க மாட்டாமல் வாளும் அரிவாளும் ஏந்தி எழுந்தார்கள். துப்பாக்கிகளுக்கு முன் அந்த எழுச்சி நிலைக்கவில்லை. உயிர் பிழைத்தவர்கள் ஊர் ஊராகச் சிதறடிக்கப்பட்டார்கள். 2018 நவம்பரில், ஐக்கிய நாடுகள் சபையின் துணையுடன் இயங்கிய சிறப்பு நீதிமன்றம், கெமர் ரூஜ் தலைவர்களுள் ஒருவரான நுவோன் சியா சாம் மக்களுக்கு எதிராக இனப்படுகொலைக் குற்றம் புரிந்தவர் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடிவதற்குள், அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார்.

இப்போது தட்டுக்குத் திரும்புவோம். நோம் பென்னிலும் சியம் ரீப்பிலும் நாம் இறங்கும் ஹலால் உணவகங்களில் பலவற்றை நடத்துபவர்கள் இந்தச் சாம் குடும்பத்தினர்தாம். தேங்காய்ப்பாலும் நிலக்கடலையும் மசாலாவும் சேர்த்து அவர்கள் ஆக்கும் சராமன் என்ற மாட்டிறைச்சிக் குழம்பு நம் நாவுக்கும் நெருக்கமானதே. நாமோ கொண்டுவந்த ஊறுகாய்ப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, உப்பு போதாது, காரம் போதாது என்று குறை சொல்லிவிட்டு, பதினைந்து நிமிடத்தில் பேருந்தில் ஏறிவிடுகிறோம். ஹலாலான ஒரு கவளத்துக்காக உயிரையே கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் முன் தட்டை வைக்கிறார்கள். அவர்களிடம் ஒரு ஸலாமுக்கு மேல் நாம் பேசுவதில்லை. ஹலால் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு பயணத்தில் இதைவிடப் பெரிய இழப்பு வேறு இல்லை.

நாம் வேண்டுவது பெரிய ஏற்பாடு ஒன்றுமன்று. ஒரு நேரத் தொழுகையையாவது விடுதி அறையில் தொழாமல் சாம் மக்களின் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுவோம். நோம் பென்னில் 2015இல் புதிதாகத் திறக்கப்பட்ட அல் ஸெர்கால் பள்ளிவாசல் உண்டு. சியம் ரீப் நகருக்குள்ளும் பள்ளிவாசல் உண்டு. தொழுதபின் இமாமிடம் நலம் விசாரிப்போம். மதரஸாப் பிள்ளைகளின் ஓதலைக் கேட்போம். வழிகாட்டி மொழிபெயர்ப்பார். அவர்களிடையே பழைய சாம் எழுத்தையும் மரபையும் காக்கும் சிறு பிரிவினரும் உள்ளனர். அவர்களுடைய பழக்கங்கள் நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டால் அங்கேயே நின்று ஃபத்வா வழங்கத் தொடங்க வேண்டா. பத்து நாள் விருந்தினருக்கு அந்த உரிமை இல்லை.

கோயில் வாசலில் இரண்டு தவறுகள்

சியம் ரீப் சென்றால் அங்கோர் கோயில்கள். குழுவில் விவாதம் தொடங்கும் இடமும் அதுவே. அங்கோர் வாட், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில். பின்னர் அது பௌத்த வழிபாட்டிடம் ஆயிற்று, இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. இடிபாடு மட்டுமே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

பிறர் வழிபாட்டிடத்தில் நுழைவது குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெறுக்கத்தக்கது என்றவர்களும் உண்டு, வழிபாட்டில் கலந்துகொள்ளாதவரை தடையில்லை என்றவர்களும் உண்டு. தபூக் செல்லும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் குடியிருப்புகளைக் கடந்தபோது, அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை எச்சரித்ததைச் சிலர் ஆதாரம் காட்டுவர். இறைவனின் தண்டனைக்கு ஆளானவர்கள் என்று வஹீ மூலம் அறிவிக்கப்பட்ட கூட்டத்தின் இடம் அது. கெமர் மக்களின் மீது அந்த முத்திரையைக் குத்துவதற்கு நமக்கு அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. எனினும் அந்த எச்சரிக்கையில் ஒரு பாடம் நமக்கும் உண்டு. அழிந்த அரசுகளின் கற்களின் நடுவே கேளிக்கை மனநிலையோடு திரியக் கூடாது.

நுழைய விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது, அவருக்கு நிழலில் அமர இடம் ஏற்பாடு செய்ய வேண்டும். நுழைந்தவரை ‘ஈமான் போயிற்று’ என்று பேருந்தில் ஏசவும் கூடாது. இந்த இரண்டு பக்கத்தாரும் ஒரே தஸ்தர்கானில் அமர்ந்து உண்ண முடிந்தால்தான் அது முஸ்லிம்களின் குழு. அறிவு தேடும் எண்ணத்தோடு, வழிபாட்டில் பங்கேற்காமல் சென்று பார்ப்பதில் தவறில்லை என்பது நம் சார்பு. அப்படிச் செல்பவர்களிடம் இரண்டு தவறுகளைக் காண்கிறோம்.

முதலாவது, ஏளனம். சிலைகளைக் காட்டிச் சிரிப்பது, அதன் மடியில் ஏறிப் படமெடுப்பது, அவர்களுடைய நம்பிக்கையைப் பிள்ளைகளின் காதுபடக் கேலி செய்வது. மற்றவர்கள் அழைத்து வணங்குபவற்றை ஏச வேண்டாம் என்பது குர்ஆனின் கட்டளை. மொழி புரியாது என்று நாம் எண்ணுகிறோம். கேலிச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அதை வழிகாட்டியும் அறிவார், நம் பிள்ளைகளும் அறிவார்கள்.

இரண்டாவது, எல்லை தெரியாத இணக்கம். கோயில்களில் துறவியரோ முதியவரோ அமர்ந்து, ஓதிய சிவப்பு நூலை மணிக்கட்டில் கட்டிவிடுவதும், ஊதுபத்தியைக் கையில் கொடுப்பதும் வழக்கம். மறுத்தால் மனம் நோகும் என்று நம்மவர் சிலர் கை நீட்டிவிடுகிறார்கள். வலக்கையை மார்பில் வைத்து, தலையைச் சற்றே தாழ்த்தி, புன்னகையோடு விலகினால் போதும். எவரும் வருந்துவதில்லை. ஷிர்க்கைத் தவிர்ப்பதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகள் நேரில் கற்கும் கணம் அது. தோளும் முழங்காலும் மறையும் ஆடையை அங்கோர் நிர்வாகம் எல்லாப் பயணிகளிடமும் கோருகிறது. பிறருக்குச் சுமையாகத் தோன்றும் அந்த விதி நமக்கு இயல்பான பழக்கம்.

தொழுகை நேரம் வந்துவிட்டால் கோயில் முற்றத்திலேயே விரிப்பைப் போட்டு, அதைப் படமும் எடுத்துப் பரப்புவது இப்போது பெருமையாகக் கருதப்படுகிறது. ஜெரூசலத்துத் தேவாலயத்தினுள் தொழுமாறு அழைக்கப்பட்டபோது, பிற்காலத்து முஸ்லிம்கள் அதைக் காரணம் காட்டி இடத்தை உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்று உமர் (ரலி) அவர்கள் வெளியே வந்து தொழுததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அந்தத் தொலைநோக்கு நமக்கும் வேண்டும். நகரத்துப் பள்ளிவாசல் வாகனத்தில் சிறிது தொலைவே.

கண்ணைத் திறந்து பார்ப்பவருக்கு அங்கோரில் படிப்பினை நிறைய உண்டு. எட்டு கிலோமீட்டர் நீளமும் இரண்டு கிலோமீட்டர் அகலமும் கொண்ட மேற்கு ஏரியை மனிதக் கைகளால் அமைத்த அரசு அது. கடும் வறட்சியும் பெருவெள்ளமும் மாறி மாறித் தாக்கி நீர்நிலைகளைச் சிதைத்ததையும், அண்டை நாட்டுப் படையெடுப்புகளையும் அதன் வீழ்ச்சிக்குக் காரணங்களாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஏரி குளங்களைத் தூர்த்து மனை போட்டு விற்கும் ஊர்களிலிருந்து சென்ற நாம், முன்சென்றோரின் முடிவு என்பதை இங்கே நின்றுதான் சிந்திக்க வேண்டும்.

பாயோன் கோயிலின் வெளிச்சுவரில் கெமர் படைக்கும் சாம் படைக்கும் இடையே நடந்த கப்பற்போர் செதுக்கப்பட்டிருக்கிறது. முற்பகலில் நமக்கு உணவளித்த முஸ்லிமின் முன்னோர் அந்தக் கல்லில் போர்வீரர்களாக நிற்கிறார்கள். அன்று அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். வியட்நாமின் மீ சொன் பள்ளத்தாக்கில் செங்கல்லால் சிவன் கோயில்களை எழுப்பியவர்களும் அவர்களுடைய முன்னோரே. இஸ்லாத்துக்கு வந்ததால் ஒரு மக்கள் தம் வரலாற்றை அழித்துவிட வேண்டியதில்லை என்பதை அந்தச் சுவரைவிடத் தெளிவாக எதனால் சொல்ல முடியும்? தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இது தெரிந்த செய்திதான். கம்பராமாயணத்தில் ஆழ்ந்து தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்திய நீதிபதி மு.மு. இஸ்மாயில் நம்மிலிருந்து வந்தவர். அங்கோர் வாட்டின் சுவரில் இலங்கைப் போரைப் பார்க்கும் நம் பிள்ளை, பள்ளியில் படித்த தமிழ்ப் பாடத்தை அங்கே அடையாளம் கண்டுகொள்ளும். அறிந்துகொள்வதால் ஈமான் குறைவதில்லை.

காட்டுப் பாதையும் குழுவின் அமீரும்

கோயில்களிலிருந்து காட்டுக்குச் செல்லும் நாளும் திட்டத்தில் உண்டு. வேர்கள் மதிலைப் பிளந்து தழுவி நிற்கும் தா புரோம், ஆற்றுப் படுகையிலேயே சிற்பங்கள் செதுக்கப்பட்ட குலேன் மலை. கம்போடியக் காடுகளில் போர்க்காலத்து நிலக்கண்ணிவெடிகள் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. தெரிந்த பாதையைவிட்டு இறங்க வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால், அது வெறும் ஒழுங்குக்காக மட்டும் அன்று, உயிருக்காகவும்தான். மூவர் பயணம் சென்றால் அவர்களில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதன் அருமை அங்கே புரியும். நம் குழுக்களிலோ ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஓர் அமீர். ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்தில் நாற்பது பேரை எட்டு மணி வரை காக்கவைப்பவர், தாம் பிறர் நேரத்தை எடுத்துக்கொண்டதாகவே கருதுவதில்லை.

தொழுகை பற்றிய தகராறும் அமீர் இல்லாத குறையால் வருவதே. ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவார்கள். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அன்றிச் சேர்த்துத் தொழுவதில்லை, சுருக்கித் தொழுவது மட்டுமே. ஓரிடத்தில் நான்கு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் ஷாஃபிஈகளுக்குச் சலுகை நின்றுவிடும். ஹனஃபிகளுக்குப் பதினைந்து நாள். காயல்பட்டினத்தாரும் திருச்சி ராவுத்தர்மாரும் ஒரே பேருந்தில் அமர்ந்தால் இந்த வேறுபாடு வரத்தான் செய்யும். லுஹரின் இறுதி நேரத்தில் நிறுத்தி, அஸரின் தொடக்க நேரம் வந்ததும் அதையும் தொழுதுவிட்டுக் கிளம்பும்படி ஓர் ஆலிமைக் கொண்டு முன்கூட்டியே நேரத்தை வகுத்துவிட்டால் இரு சாராருக்கும் மனநிறைவு. பெண்கள் உளூச் செய்யவும் தொழவும் தனியிடம் வேண்டும் என்பதையும் திட்டம் வகுக்கும்போதே எண்ண வேண்டும், அங்கே போய்த் தேடக் கூடாது.

விலங்குகளின் உரிமையையும் மறக்க வேண்டா. 2016 ஏப்ரலில், அங்கோரில் கடும் வெயிலில் பயணிகளைச் சுமந்த ஒரு பெண் யானை சுருண்டு விழுந்து இறந்தது. பின்னர் அங்கே யானைச் சவாரி நிறுத்தப்பட்டது. வேறு இடங்களில் இன்னும் நடக்கிறது. வாயற்ற பிராணியின் முதுகை நாற்காலியாக்கிக்கொள்ள வேண்டாம் என்று கற்பித்த நபியின் உம்மத்தினர், ஒரு படத்துக்காக அந்த முதுகில் ஏறலாமா?

கையிலுள்ள பணமும் அமானத்தே

வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் மழைக்காலத்தில் வேலை குறைவு. பயணிகள் வரும் சில மாதங்களின் வருமானத்தில்தான் அவர்களுடைய ஆண்டு ஓடுகிறது. நாள் முழுதும் நமக்காகத் தொண்டை வற்றப் பேசியவருக்கு இறுதியில் கைகுலுக்கலோடு விடைகொடுப்பது நீதியன்று. வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்கும் பண்பைப் பற்றி மிம்பரில் கேட்டவர்கள் நாம்.

கோயில் வாசல்களில் பிள்ளைகள் அஞ்சலட்டையும் வளையலும் விற்க ஓடிவருவார்கள். இரக்கப்பட்டு வாங்குகிறோம். அந்தப் பிள்ளை சம்பாதிக்கும் வரை அதைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டார் முன்வருவதில்லை என்று அந்நாட்டில் குழந்தைகள் நலனுக்கு உழைப்போர் சொல்கிறார்கள். பெரியவர் நடத்தும் கடையில் வாங்குவதே உண்மையான உதவி. யதீம் பிள்ளைகள் இல்லங்களுக்குக் குழுவாகச் சென்று அன்பளிப்பு வழங்கும் வழக்கத்தையும் மறு ஆய்வு செய்ய வேண்டும். பயணிகளின் நன்கொடையை நம்பிக் கம்போடியாவில் இத்தகைய இல்லங்கள் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பது பின்னர் தெரியவந்தது. யதீமின் தலையைத் தடவும் நன்மையை நாடிச் சென்று, பெற்றோரிடமிருந்து பிள்ளை பிரிக்கப்படுவதற்கு நம் ஸதகா காரணமாகிவிடக் கூடாது. உள்ளூர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் விசாரித்து, பிள்ளை தன் வீட்டிலிருந்தபடியே படிக்க உதவுவதே மேல்.

முன்பணம் கட்டுமுன்

இவற்றையெல்லாம் சுற்றுலா நடத்துவோர் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. நாம் கேட்பதைத்தான் அவர்கள் தருகிறார்கள். உணவைப் பற்றி மட்டும் கேட்டால் உணவை மட்டுமே உறுதி செய்வார்கள். எனவே அடுத்த முறை முன்பணம் கட்டுமுன் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம். உள்ளூர் முஸ்லிம்களோடு அமர்ந்து பேச ஒரு மாலையாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா? கோயிலுக்குள் வர விரும்பாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? குழுவின் அமீர் யார், தொழுகை நேரங்களை வகுத்தவர் யார்? வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் உரிய ஊதியம் நம் கட்டணத்தில் அடங்கியிருக்கிறதா? விலங்குச் சவாரி திட்டத்தில் உண்டா? இக்கேள்விகளை நாற்பது குடும்பங்கள் கேட்கத் தொடங்கினால் துண்டுப் பிரசுரத்தின் வாசகங்கள் தாமே மாறும்.

பேருந்தின் பின் இருக்கையில் அமர்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் அங்கோரின் கோபுரங்கள் எத்தனை என்பது மறந்துபோகலாம். சிவப்பு நூலை வாப்பா எப்படிப் புன்னகையோடு மறுத்தார், உணவு பரிமாறிய சாம் பெண்ணிடம் உம்மா எப்படிப் பேசினார், ஓட்டுநரின் கையில் எதை வைத்தார்கள் என்பவை மறக்கா. அவர்களுடைய மார்க்கக் கல்வியில் அந்தப் பத்து நாளும் ஒரு பாடமே.

பார்க்கும் கண்ணையும் சிந்திக்கும் உள்ளத்தையும், செல்லும் ஊரில் நம்மால் எவருக்கும் தீங்கு நேராத நடையையும் வல்ல இறைவன் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக. ஆமீன்.